அகலப் பாதத்துக்கு ஏற்ற சைக்கிள் ஷூ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் விடிகாலையில் சைக்கிள் எடுக்கிறவர்களிடம் ஷூ பற்றிப் பேச்சுக் கொடுத்தால் ஒரே புகார் திரும்பத் திரும்ப வரும். போட்ட அரை மணி நேரத்தில் ஷூ காலைக் கடிக்கிறது, சுண்டு விரல் மரத்துப்போகிறது, முன்பாதம் தீயாய் எரிகிறது. கடைக்கு வரும் சைக்கிள் ஷூக்களில் பெரும்பாலானவை ஒடுக்கமான பாதத்தை வைத்து வார்த்தவை. நம்மில் பலருடைய பாதம் அப்படி இல்லை. கால் ஷூவுக்கு இணங்க வேண்டியதில்லை, ஷூதான் காலுக்கு இணங்க வேண்டும். கீழே உள்ள பதில்கள் எல்லாமே அதை வைத்துத்தான்.

என் பாதம் நிஜமாகவே அகலமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அளந்து பார்ப்பது ஒன்றே வழி. "எனக்கு 8-ம் நம்பர்" என்பது நீளத்தை மட்டும்தான் சொல்கிறது. அகலம் தனிக் கணக்கு.

சாயங்காலம் அளங்கள். வண்டி ஓட்டிவிட்டு வந்த பிறகு என்றால் இன்னும் நல்லது. நம் ஊர் வெக்கையில் பகல் முழுக்க நின்று நடந்த கால், காலையில் இருந்ததைவிடக் கொஞ்சம் பருத்திருக்கும். ஷூ அந்தக் காலுக்குத்தான் சேர வேண்டும். வண்டி ஓட்டும்போது போடுகிற அதே சாக்ஸைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சுவரை ஒட்டித் தரையில் ஒரு ஏ4 தாளை வைத்து, குதிகால் சுவரைத் தொடும்படி தாள்மேல் நில்லுங்கள். உட்கார்ந்துகொண்டு அளந்தால் கணக்கு தப்பும். உடம்பின் பாரம் இறங்கும்போதுதான் பாதம் விரியும். பலர் பென்சிலால் பாதத்தைச் சுற்றி வரைவார்கள். சாதாரணப் பென்சில் சுமார் 7 மி.மீ தடிமன். அதை நிமிர்த்திப் பிடித்தால் கோடு இரண்டு பக்கமும் மூன்றரை மி.மீ வெளியே தள்ளி விழும், உள்பக்கம் சாய்த்தால் குறைந்துவிடும். அகலத்தில் 2 மி.மீ கூடப் பெரிய வித்தியாசம் என்பதால் இந்த வழி எனக்குத் திருப்தி இல்லை.

அதற்குப் பதில் இரண்டு தடித்த புத்தகங்களை எடுங்கள். பெருவிரலின் அடி எலும்பு துருத்தும் இடத்தில் ஒன்று, சுண்டு விரலின் அடி எலும்பு துருத்தும் இடத்தில் ஒன்று. அழுத்தாமல், தோலைத் தொடும் அளவுக்கு மட்டும் அணைத்து வையுங்கள். இரண்டின் விளிம்பும் இணையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காலை எடுங்கள். நடுவே உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்தால் அதுதான் உங்கள் அகலம். நீளத்துக்குச் சுவரிலிருந்து, மிக நீண்ட விரலின் நுனி வரை. சிலருக்குப் பெருவிரலைவிட அடுத்த விரல் நீளமாக இருக்கும், கவனியுங்கள். இரண்டு காலையும் தனித்தனியே அளக்க வேண்டும். ஒன்று கொஞ்சம் பெரிதாக இருப்பது சகஜம், பெரிய காலுக்கே ஷூ எடுக்க வேண்டும்.

இப்போது அகலத்தை நீளத்தால் வகுத்துப் பாருங்கள். 26 செ.மீ நீளமும் 10.4 செ.மீ அகலமும் என்றால் 0.40 வரும். நான் பின்பற்றும் கணக்கு இது: 0.40-ஐத் தொட்டாலே அகல வகை ஷூவைத் தேடத் தொடங்குங்கள். 0.38 பக்கம் நின்றால் உங்கள் தொந்தரவுக்கு அகலம் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. கீழே மரத்துப்போதல் பற்றிய பதிலுக்கு நேரே போய்விடலாம்.

சின்ன வயதில் செருப்பில்லாமல் நடந்ததால்தான் பாதம் அகலமாகிவிட்டதா?

அதற்கும் பங்கு உண்டு. வெறுங்காலோடு நடந்து வளர்ந்த இந்தியர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2009-ல் வெளியானது. அவர்களின் முன்பாதம் அகலமாக இருந்தது, நடக்கும்போது அழுத்தம் பாதம் முழுக்கச் சீராகப் பரவியது. வயல் வரப்பிலும் கடற்கரை மணலிலும் ஓடி வளர்ந்த கால், விரல்கள் விரிந்து இருக்க வேண்டியபடி இருக்கிறது. அதை ஒரு கோளாறு போல நினைத்து ஒடுக்கமான ஷூவுக்குள் திணிக்கத் தேவையில்லை. பரம்பரை, வயது, உடல் எடை, கர்ப்ப காலம் எல்லாமும் பாதத்தை அகலமாக்கும்.

ஒரு நம்பர் பெரிதாக எடுத்தால் போதாதா?

போதாது. எல்லோரும் முதலில் செய்வது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஐரோப்பிய அளவுமுறையில் ஒரு நம்பர் ஏறினால் நீளம் 6.67 மி.மீ கூடும். அகலம் கூடுவதோ ஒன்றிரண்டு மி.மீ தான். உங்களுக்கு 6 மி.மீ அகலம் பற்றவில்லை என்று வையுங்கள். அதை நம்பரை ஏற்றிச் சரிக்கட்டப் பார்த்தால் மூன்று நம்பராவது போக வேண்டும். ஷூ 2 செ.மீ நீண்டுவிடும்.

நடக்கிற ஷூவில் இதை ஒருவாறு சமாளிக்கலாம். சைக்கிள் ஷூவில் முடியாது. அடிப்பாகம் கெட்டியானது. உள்வளைவு உங்கள் உள்ளங்கால் வளையும் இடத்தில் வராமல் தள்ளி வரும். குதிகால் ஒவ்வொரு சுற்றுக்கும் மேலே எழும்பி உரசிக் கொப்புளம் போடும். எல்லாவற்றையும்விட முக்கியம், கிளீட் (ஷூவின் அடியில் திருகி, பெடலில் பூட்டிக்கொள்ளும் சிறு துண்டு) மாட்டும் துளைகள் ஷூவின் நீளத்தைக் கணக்கிட்டுப் போட்டவை. ஷூ நீண்டால் கிளீட்டும் விரல் பக்கமாக முன்னே போய்விடும். விரல் நுனியால் மிதிப்பது போலாகி, கெண்டைக்காலும் குதிநரம்பும் வலிக்கத் தொடங்கும். பலர் முழங்காலையும் சீட் உயரத்தையும் சந்தேகித்து மாதக்கணக்கில் அலைவது இதனால்தான்.

மிக நீண்ட விரலுக்கும் ஷூ நுனிக்கும் இடையே அரை செ.மீ முதல் ஒரு செ.மீ வரை இடம் இருந்தால் நீளம் சரி. அப்படி இருந்தும் பக்கவாட்டில் இறுக்கினால் கேட்க வேண்டியது அடுத்த நம்பரை அல்ல, அதே நம்பரில் அகல வகையை.

"போட்டுப் போட்டுத் தானே நெகிழ்ந்துவிடும்" என்கிறார் கடைக்காரர். உண்மையா?

தோல் ஷூ கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். இன்றைய சைக்கிள் ஷூக்கள் பெரும்பாலும் செயற்கைப் பொருளில் ஆனவை, அவை அவ்வளவாக நெகிழாது. நைலானிலோ கார்பனிலோ செய்த அடித்தகடு எந்தக் காலத்திலும் நெகிழாது. கடையில் கடிக்கிற ஷூ பேச்சிப்பாறை போய்த் திரும்பும்போது இன்னும் மோசமாகக் கடிக்கும்.

அகல வகை என்று பெட்டியில் எப்படிப் போட்டிருப்பார்கள்? எந்தக் கம்பெனிகள் செய்கின்றன?

அகலத்தை எழுத்தால் குறிப்பார்கள். ஆண்கள் ஷூவில் டி என்பது சாதாரணம், 2இ அகலம், 4இ மிக அகலம். ஜப்பானிய அளவுமுறையில் ஓர் எழுத்துப் படி ஏறினால் முன்பாதச் சுற்றளவு 6 மி.மீ, அகலம் 2 மி.மீ அளவுக்குக் கூடும். சில கம்பெனிகள் எழுத்துப் போடாமல் 'வைடு' என்று மட்டும் அச்சிடும்.

நம் பக்கம் ஓரளவு எளிதில் கையில் கிடைப்பது ஷிமானோ. அதன் பல மாடல்கள் சாதாரணம், வைடு என்று இரண்டு அகலத்தில் வருகின்றன. அளவுப் பட்டியலும் தெளிவானது: 41 என்றால் 25.8 செ.மீ, 42 என்றால் 26.5, 43 என்றால் 27.2, 44 என்றால் 27.8. சுவரிலிருந்து அளந்த நீளத்தை இதோடு ஒப்பிட்டால் எங்கே தொடங்குவது என்று தெரிந்துவிடும். அகலப் பாதக்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பது என் கருத்து.

இத்தாலியின் சிடி கம்பெனி அகல வகையை 'மெகா' என்ற பெயரில் விற்கிறது. ஜைரோவில் 'எச்.வி' என்று போட்டிருந்தால் உள்ளே இடம் கூடுதல். லேக் கம்பெனி ஒரே மாடலைப் பல அகலங்களில் செய்கிறது. ஆஸ்திரேலியாவின் பான்ட் ஷூக்களைச் சூடாக்கிக் காலின் வடிவத்துக்குக் கொண்டுவரலாம். விலை அதிகம், பெரும்பாலும் வரவழைக்க வேண்டியிருக்கும். பாதம் மிக அகலமாக இருந்து வேறு எதுவும் ஒத்துவராதவர்களுக்கு இந்த இரண்டும் கைகொடுக்கும்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். சில 'வைடு' ஷூக்களில் மேல்துணியை மட்டும் தாராளமாக வெட்டியிருப்பார்கள், அடித்தகடு பழைய அகலமே. கண்டுபிடிப்பது எளிது. உள்ளே இருக்கும் இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன்மேல் பாரத்தோடு நில்லுங்கள். சுண்டு விரலும் அதன் அடி எலும்பும் இன்சோல் விளிம்பைத் தாண்டிப் பிதுங்கினால், மேல்துணி எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் அந்த ஷூ வேண்டாம். பழைய ஷூவின் இன்சோலை எடுத்துப் பார்த்தாலும் கதை தெரியும். சுண்டு விரல் பக்கத்து விளிம்பு நசுங்கி, மேல்நோக்கி மடங்கி, அழுக்குப் படிந்திருந்தால் உங்கள் கால் இத்தனை நாள் ஷூவின் பக்கச்சுவரில்தான் மிதித்துக்கொண்டிருந்தது.

நம் மாவட்டத்தில் எங்கே போட்டுப் பார்க்கலாம்?

நாகர்கோவிலில் நல்ல சைக்கிள் கடைகள் இருக்கின்றன. ஆனால் எல்லா நம்பரிலும், அதிலும் அகல வகையில், கிளீட் ஷூக்களை அடுக்கி வைத்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. விற்காமல் தங்கிவிடும் என்ற பயம் அவர்களுக்கு. போட்டுப் பார்த்தே எடுக்க வேண்டும் என்றால் சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் திருவனந்தபுரம்தான் பக்கம். அங்கே டெகாத்லானும் இருக்கிறது. தொடக்கக்காரருக்கு ஏற்ற விலையில் பல ஷூக்களைக் காலில் மாட்டிப் பார்க்க முடிவதே அதன் பலம். ரயிலில் மதியம் கிளம்பிச் சாயங்காலம் போட்டுப் பார்ப்பது போல வைத்துக்கொள்ளுங்கள். காலையில் போனால் ஒடுங்கின கால் உங்களை ஏமாற்றிவிடும்.

ஆன்லைனில் வாங்குவதானால், திருப்பி அனுப்பும் வசதி உண்டா என்பதை விலையைப் பார்க்கும் முன் பாருங்கள். வந்ததும் கிளீட் மாட்டாதீர்கள், வெளியே போடாதீர்கள். சாயங்காலம் வீட்டுக்குள் சாக்ஸோடு அரை மணி நேரம் போட்டிருங்கள். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து, சுவரைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நின்று பாருங்கள். பெடலை மிதிக்கும்போது பாரம் விழும் இடம் அதுதான். அந்த நிலையில் விரல்களை ஷூவுக்குள் மேலும் கீழும் அசைக்க முடிந்தால் வைத்துக்கொள்ளலாம். முடியாவிட்டால் யோசிக்காமல் திருப்பி அனுப்புங்கள்.

கிளீட் ஷூ அவசியம்தானா?

இல்லை. கிளீட் இல்லாமல் வெகுதூரம் ஓட்டலாம். அகலப் பாதக்காரர்களுக்கு அதுதான் மலிவான, நிம்மதியான தீர்வாகவும் இருக்கும். ஊசி போன்ற பிடிப்புகள் உள்ள அகலமான தட்டைப் பெடல் ஒரு ஜோடி, அடி கொஞ்சம் கெட்டியான, விரல் பக்கம் தாராளமான சாதாரண ஷூ ஒரு ஜோடி. சங்குத்துறை கடற்கரை வரை, சுசீந்திரம் வழியாகக் கன்னியாகுமரி வரை, முட்டம் வரை போய்வர இது தாராளம்.

ஒரே கவனம், அடி மிக மெத்தென்ற ஓட்டப் பயிற்சி ஷூ வேண்டாம். பெடலின் விளிம்பு அடிவழியாகக் காலில் உறைக்கும். லேஸை உள்ளே செருகி வையுங்கள், செயினில் சிக்கினால் ஆபத்து.

கிளீட் வேண்டும், ஆனால் எந்த ஷூவும் சேரவில்லை என்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. அடியில் கிளீட் மாட்டக்கூடிய சாண்டல். ஷிமானோ அப்படி ஒன்றைச் செய்கிறது. விரல்களுக்குப் பக்கச்சுவரே இல்லை என்பதால் இறுக்கும் பேச்சுக்கே இடமில்லை. மழையில் நனைந்தாலும் சீக்கிரம் காயும். நம் ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் இதைவிடப் பொருத்தமானது இல்லை என்றே நினைக்கிறேன். பந்தயம் ஓட்டாதவர்கள் இதைப் பார்க்காமல் விடக்கூடாது.

இரண்டு துளைக் கிளீட்டா, மூன்று துளைக் கிளீட்டா?

இரண்டு துளை எஸ்.பி.டி வகையை ஷிமானோ 1990-ல் கொண்டுவந்தது. கிளீட் சிறிய இரும்புத் துண்டு, ஷூவின் அடிக்குள் பதுங்கியிருக்கும். மூன்று துளை வகையில் பெரிய பிளாஸ்டிக் கிளீட் வெளியே துருத்தி நிற்கும். அழுத்தம் அகலமாகப் பரவும் என்பது மூன்று துளையின் நன்மை, நடக்க முடியாது என்பது அதன் தொல்லை.

நம் பயணங்கள் இடையிடையே நிற்கிற பயணங்கள். சாயாக்கடையில் இறங்குவோம், மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் நடப்போம், சொத்தவிளை மணலில் கால் வைப்போம். அதற்கு இரண்டு துளையே சரி. தவிர, அந்த வகை ஷூக்கள் மலைப்பாதைக்கும் பயணத்துக்கும் செய்தவை என்பதால் விரல் பக்கம் பொதுவாகக் கொஞ்சம் தாராளமாக இருக்கும்.

வெல்க்ரோ, லேஸ், டயல்: எது நல்லது?

அகலப் பாதத்துக்கு லேஸ்தான் மிக இணக்கமானது. முன்பக்கத்து முதல் இரண்டு துளைகளை விட்டுவிட்டு மூன்றாவதிலிருந்து கோத்தால் முன்பாதம் மூச்சு விடும், கணுக்கால் பக்கம் இறுக்கம் குறையாது. மூன்று பட்டை வெல்க்ரோவிலும் இது முடியும். முன்பட்டையைச் சும்மா ஒட்டிவைத்து, மேல்பட்டையை மட்டும் இறுக்குங்கள். டயல் (திருகினால் இழையை இழுத்து ஷூவை இறுக்கும் குமிழ்) வாங்கினால் இரண்டு டயல் உள்ளதாகப் பாருங்கள். ஒற்றை டயல் முன்னும் பின்னும் ஒரே மாதிரி இறுக்கிவிடும்.

கழற்றி மாட்டும் சுலபமும் நமக்கு முக்கியம். பத்மநாபபுரம் அரண்மனைக்குள்ளும் சுசீந்திரம் கோயிலிலும் ஷூவைக் கழற்றித்தான் ஆக வேண்டும். ஒரு காலை நேரச் சுற்றில் இரண்டு மூன்று தரம் கழற்றி மாட்டுகிறவருக்கு வெல்க்ரோவே நிம்மதி.

ஷூ அகலம் சரிதான். ஆனாலும் ஒரு மணி நேரத்தில் விரல்கள் மரத்துப்போகின்றன, முன்பாதம் எரிகிறது. ஏன்?

விரல்களுக்கு இடையே நரம்புகள் ஓடுகின்றன. முன்பாதத்து எலும்புகள் பக்கவாட்டில் நெருக்கினாலோ, அடியிலிருந்து ஒரே இடத்தில் அழுத்தம் ஏறினாலோ அவை நசுங்கும். முதலில் குத்தல், அப்புறம் எரிச்சல், கடைசியில் மரத்துப்போதல். ஆரல்வாய்மொழிப் பக்கம் எதிர்காற்றில் ஒரே நிலையில் அழுத்தி மிதிக்கும்போது இது சீக்கிரம் வரும். ஆனி, ஆடியில் அங்கே வீசும் காற்றைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

முதலில் பட்டையைத் தளர்த்திப் பாருங்கள். கிளம்பும்போது கச்சிதமாகக் கட்டியது, கால் வீங்கிய பிறகு அளவுக்கு மீறிய இறுக்கம். ஓட்டத்தின் நடுவே ஒரு முறை தளர்த்துவதை வழக்கமாக்குங்கள். தடித்த சாக்ஸ் வேண்டாம், மெல்லியது போதும். ஷூவோடு வந்த இன்சோல் தடிமனாக இருந்தால் மெல்லியதை மாற்றினாலே மேல்பக்கம் இடம் கிடைக்கும்.

அதற்கும் அடங்காவிட்டால் கிளீட்டின் இடத்தைப் பார்க்க வேண்டும். ஷூவைப் போட்டுக்கொண்டு, பெருவிரலின் அடி எலும்பு உள்பக்கம் முட்டும் இடத்தை விரலால் தடவிக் கண்டுபிடித்து, ஷூவின் ஓரத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிக் கோடு போடுங்கள். சுண்டு விரல் பக்கமும் அதேபோல். சுண்டு விரலின் எலும்பு பின்னால் தள்ளி இருப்பதைக் காண்பீர்கள். அகலப் பாதத்தில் அது கண்ணுக்கு நன்றாகவே தெரியும். பெடலின் அச்சு இந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவில், அல்லது அதற்குச் சற்றுப் பின்னால் வர வேண்டும். பெருவிரல் எலும்பை மட்டும் பார்த்து மாட்டியிருந்தால் வெளிப்பக்க விரல்களுக்கு அடியில் ஆதாரமே இருக்காது. 3 முதல் 5 மி.மீ பின்னே நகர்த்துங்கள், சில நாள் ஓட்டிப் பாருங்கள். நிறையப் பின்னே நகர்த்தினால் சீட்டை ஒரு பொட்டு இறக்க வேண்டிவரும். திருகுகளை 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முடுக்கினால் போதும்.

மூன்றாவது, நான்காவது விரல்களுக்கு நடுவே மட்டும் மின்சாரம் பாய்வது போல வலித்தாலோ, செருப்பில் நடக்கும்போதும் கூழாங்கல்லை மிதிப்பது போல உறுத்தினாலோ நரம்பு தடித்திருக்கலாம். முன்பாத மேட்டுக்குச் சற்றுப் பின்னால் ஒரு சிறு மேடு வைத்த இன்சோல் எலும்புகளை விரித்து உதவும். ஆனால் அதற்கு முன் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அகல ஷூ வாங்கிய பிறகு அது கிராங்கில் (பெடல் மாட்டியிருக்கும் தண்டில்) உரசுகிறது. என்ன செய்வது?

கிளீட்டை ஷூவின் உள்பக்கமாக, அதாவது பெருவிரல் பக்கமாக நகர்த்துங்கள். கால் வெளியே தள்ளி நிற்கும். அது பற்றாவிட்டால் பெடலுக்கும் கிராங்குக்கும் இடையே ஒரு மெல்லிய வாஷர் போடலாம். ஒன்றுக்கு மேல் வேண்டாம், மரையின் பிடிப்புக் குறைந்துவிடும். ஷிமானோவின் உயர்வகைப் பெடல்கள் சிலவற்றில் அச்சு 4 மி.மீ நீண்டதும் கிடைக்கும்.

பெருவிரல் பக்கத்து எலும்பு புடைத்திருக்கிறது. அந்த இடம் மட்டும் உரசிச் சிவக்கிறது.

ஷூ முழுவதையும் அகலமாக்கத் தேவையில்லை, அந்த ஒரு புள்ளிக்கு இடம் கொடுத்தால் போதும். மேல்பாகம் மென்மையான, அந்த இடத்தில் தையலோ பட்டையோ குறுக்கே போகாத ஷூவைத் தேடுங்கள். வாங்கும்போதே விரலால் உள்ளே தடவிப் பாருங்கள், தடித்த தையல் தட்டுப்பட்டால் அது நாளைய புண்.

இருக்கிற ஷூ தோலாலானது என்றால், அனுபவமுள்ள செருப்புத் தைப்பவர் கட்டையும் உருண்டையும் வைத்து அந்த இடத்தை மட்டும் விரித்துத் தருவார். புடைப்பின்மேல் சுண்ணாம்புக் கட்டியால் தடவிவிட்டு ஷூவைப் போட்டால் உள்ளே அடையாளம் விழும், அதைக் காட்டிக் கொடுங்கள். செயற்கைப் பொருளில் இது நிற்காது. புடைப்பு வருடத்துக்கு வருடம் கூடினால் ஷூவோடு நிறுத்தாமல் மருத்துவரைப் பாருங்கள்.

நான் பெண். பெண்கள் ஷூ எதுவுமே என் காலுக்கு அகலம் பற்றவில்லை.

பெண்கள் ஷூவில் சாதாரண அகலம் பி. அகலம் என்று சொல்வது டி, அதாவது ஆண்களின் சாதாரண அகலக் குறியீடு. ஆகவே தயங்காமல் ஆண்கள் பகுதியில் உங்கள் சென்டிமீட்டர் நீளத்தைச் சொல்லிக் கேளுங்கள். நம்பரைச் சொல்லாதீர்கள், இரண்டு முறைகளும் வேறு. குதிகால் பக்கம் கொஞ்சம் தளர்வாக இருக்கலாம். மேல்பட்டையும் குதிகாலில் ஒட்டும் சிறு மெத்தையும் அதைச் சரிசெய்யும். கர்ப்பத்துக்குப் பிறகு பாதம் நிரந்தரமாகவே பெரிதாகியிருக்கலாம், பழைய நம்பரை நம்ப வேண்டாம்.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய். மருத்துவர் சைக்கிள் ஓட்டலாம் என்றார். எந்த ஷூ?

கிளீட் வேண்டவே வேண்டாம். தட்டைப் பெடல், விரல்கள் முழுக்க மூடிய, தாராளமான, உள்ளே தையல் உறுத்தாத ஷூ, நல்ல பருத்திச் சாக்ஸ். சர்க்கரை நோயில் காலின் உணர்ச்சி குறைந்திருக்கலாம். ஷூ கடித்தாலும் தெரியாது, புண் ஆன பிறகுதான் தெரியும். அதனால் "வலிக்கவில்லை" என்று அவர் சொல்வதை ஷூ சரி என்பதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்சோல் மேல் நிற்கவைத்துக் கண்ணால் பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் போடும் முன் ஷூவுக்குள் கையை விட்டு, கல் மண் இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். ஓட்டி முடித்ததும் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்த இடம் சிறிது நேரத்தில் மறையாவிட்டால் அந்த ஷூவை நிறுத்திவிடுங்கள். தொடங்கும் முன் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வழக்கமான மருத்துவரிடமோ காலின் உணர்ச்சியைச் சோதித்துக்கொள்வது நல்லது. மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்க்கிற எளிய சோதனைதான். யாராக இருந்தாலும் ஒரு காலில் மட்டும் வீக்கம் வந்து வடியாமல் இருந்தால் அது ஷூ விவகாரம் அல்ல, உடனே காட்ட வேண்டியது.

பதினான்கு வயதுப் பையனுக்கு வாங்கலாமா?

வளர்கிற காலுக்கு விலை கூடிய ஷூ வேண்டாம். தட்டைப் பெடலில் ஓட்டட்டும்.

பணத்தை எதில் போடுவது, எதில் மிச்சம் பிடிப்பது?

கார்பன் அடிக்குப் பணம் போடாதீர்கள். எடை குறையும், விறைப்பு கூடும், பந்தயக்காரருக்கு உதவும். ஏற்கெனவே எரிகிற பாதத்துக்கு அந்த விறைப்பு இன்னொரு தொல்லை. அகலம் சரியான நைலான் அடி ஷூ, அகலம் தவறிய கார்பன் ஷூவைவிட எந்நாளும் மேல். மிச்சப் பணத்தில் நல்ல சாக்ஸ் வாங்குங்கள்.

மழையும் உப்புக்காற்றும் ஷூவைக் கெடுக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் உண்டு. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே போனால் மழைக்காலத்தில் ஷூ நனையாமல் திரும்புவது அபூர்வம். நனைந்ததும் இன்சோலை உருவித் தனியே வையுங்கள். உள்ளே பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஈரம் ஊறியதும் மாற்றுங்கள். நிழலில், ஃபேனுக்கு அடியில் காயட்டும். உச்சி வெயிலிலோ அடுப்புப் பக்கமோ வைத்தால் அடியை ஒட்டிய பசை விட்டுவிடும், மேல்பாகம் சுருங்கி இருந்த அகலமும் போய்விடும். அரைகுறையாகக் காய்ந்ததை அலமாரியில் பூட்டினால் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும்.

மணக்குடி, முட்டம், குளச்சல் என்று கடலோரமாக ஓட்டுகிறவர்கள் வீடு திரும்பியதும் ஷூவின் அடியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உப்பு படிந்தால் கிளீட் திருகுகள் துருப்பிடித்து இறுகி, கழற்றவே முடியாமல் போகும். மாட்டும்போதே திருகின் மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவிவையுங்கள். சில மாதத்துக்கு ஒரு முறை கழற்றி, துடைத்து, மறுபடி தடவி மாட்டுங்கள். கழற்றும் முன் கிளீட்டைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டால், பழைய இடத்திலேயே திரும்ப மாட்டிவிடலாம்.